முத்திரை விழாத பாஸ்போர்ட்

என் அலுவலக மேசையின் மேல் இழுப்பறையில், ஸ்டாம்ப் பேடுக்கும் எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத சில சாவிகளுக்கும் நடுவே, என் மாமாவின் பாஸ்போர்ட் கிடக்கிறது. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அதை அவர் என்னிடம் கொடுத்து வைத்து வருஷங்கள் ஓடிவிட்டன. அட்டை இன்னும் விறைப்பு கலையாமல் இருக்கிறது. உள்ளே போட்டோவில், காது இரண்டும் தெரியவேண்டும் என்று பாஸ்போர்ட் ஆபீஸில் சொன்னதற்காக முடியைத் தண்ணீர் தொட்டு ஒட்ட வாரிக்கொண்டு, பெயர் கேட்டதற்கே திடுக்கிட்டவர் மாதிரி விழித்துக்கொண்டிருக்கிறார். அதைத் தாண்டிப் புரட்டினால் எல்லாப் பக்கமும் வெறுமை. ஒரு முத்திரை கிடையாது.

என் பிழைப்பே பாஸ்போர்ட்டுகளோடுதான். வெளிநாட்டிலிருந்து வந்து கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழில் தொடங்குகிறவர்களுக்குக் கம்பெனி பதிவு செய்து கொடுப்பதும், எந்தச் சட்டத்துக்கு எந்தக் காகிதம் என்று சொல்லிக் கூடவே நடப்பதும் என் வேலை. வருகிறவர்கள் முதலில் நீட்டுவது பாஸ்போர்ட்டைத்தான். நகல் எடுக்கப் பிரித்தால் வட்டமும் சதுரமுமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிற முத்திரைகள். சிலருடையதில் இனிமேல் குத்த இடமே இருக்காது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்டாம்ப் பேடு எடுக்க இழுப்பறையைத் திறப்பேன். மாமாவின் பாஸ்போர்ட் கண்ணில் படும். அதற்கப்புறம் அன்றைக்கு எனக்கு வேலை ஓடாது. எழுந்து எழுந்து ஜன்னல் பக்கம் போய் நிற்பேன்.

மாமா உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்தே சாப்பிட்டு முடிப்பார். கவரப்பேட்டைக்குக் கிழக்கே தாத்தா வைத்துவிட்டுப் போன நிலத்தில் நெல் போட்டார். அது போக, தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்குத் தண்ணீர் லாரி, ஷெட் கட்ட ஆள், கேன்டீனுக்குக் காய்கறி என்று எது கேட்டாலும் ஏற்பாடு செய்து கொடுப்பார். காலையில் பைக்கை எடுத்தால் இருட்டும் வரை ரோட்டில்தான். அவருடைய தம்பிகள் இருவரும் வெளிநாட்டில், ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் துபாய். நிலத்தைப் பார்க்க வீட்டுக்கு ஒருவர் வேண்டும் என்று மூத்தவரை நிறுத்திவிட்டார்கள். தம்பிகளை வழியனுப்ப மீனம்பாக்கம் போனால், பாதுகாப்புக்காரர் தடுக்கிற கண்ணாடிக் கதவு வரைக்கும் பெட்டியை இவரே தூக்கி வருவார். விமானம் போய்விட்டது என்று தெரிந்த பிறகும் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். "உள்ள எப்டி இருக்குது, இன்னா இருக்குது, ஒண்ணும் தெரியல" என்று வருகிற வழியெல்லாம் புலம்புவார். ஊரில் கேலிக்கு இது போதாதா? வேகத்தைப் பார்த்தால் உலகம் சுற்றுகிறவர் மாதிரி, போய்ச் சேருவதோ தச்சூர் கூட்டு ரோடு வரைக்கும் என்பார்கள்.

கொரியாவிலிருந்து வந்த அந்தக் கம்பெனி டைரக்டரை நான் முதலில் பார்த்தது என் சீனியருடைய சென்னை அலுவலகத்தில். கம்பெனிச் சட்டம் படித்துவிட்டு அங்கே பயிற்சியில் இருந்தேன். தினமும் கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே திரும்பிய காலம். டைரக்டர் வண்டிகளுக்கான சின்னச் சின்னத் தகட்டுப் பாகங்களை அழுத்தி எடுக்கிற ஒரு பிரஸ் தொழிற்சாலை ஆரம்பிக்க வந்திருந்தார். ஒரு ஷெட், நாலைந்து மெஷின், அவ்வளவுதான். ஐம்பதைத் தாண்டிய மெலிந்த மனிதர், பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். வெளிநாட்டுப் பணம் எந்த வழியில் வரவேண்டும், வந்ததை யாருக்குத் தெரிவிக்கவேண்டும், நிலத்தை வாங்கலாமா குத்தகைக்கு எடுக்கலாமா, விசா எந்த வகை, லாபத்தை எப்படி ஊருக்கு அனுப்புவது என்று என் சீனியர் அடுக்கிக்கொண்டே போனார். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு டைரக்டர் ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்த நாட்டில் என் தொழிற்சாலையில் ஏதாவது தவறு நடந்தால், சிறைக்குப் போவது யார்?

எனக்குச் சுருக்கென்றது. இன்னும் அஸ்திவாரமே தோண்டவில்லை, அதற்குள் ஜெயிலா என்று நினைத்தேன். நல்ல மனுஷன் கேட்கிற கேள்வியாக அது படவில்லை. இன்றைக்கு அந்தக் கேள்வி மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. தெரியாத ஊரில், படிக்க முடியாத எழுத்தில் இருக்கிற காகிதங்களில் கையெழுத்துப் போடப் போகிறவர் வேறு எதைக் கேட்பார்? மற்றவர்கள் அதையே மனசுக்குள் வைத்துக்கொண்டு, வாயால் வரிச்சலுகை பற்றி விசாரிக்கிறார்கள்.

யார் பெயரை எழுதுகிறோமோ அவர் என்றார் என் சீனியர். பிறகு விளக்கினார். இங்கே பதிவாகிற கம்பெனியில் டைரக்டர்களில் ஒருவராவது வருஷத்தில் பாதி நாளுக்குக் குறையாமல் இந்தியாவில் தங்குகிறவராக இருக்கவேண்டும். அது ஒரு சட்டம். தொழிற்சாலைச் சட்டம் வேறு. அதில் ஆக்குபையர் என்று ஒருவரைக் காட்டவேண்டும். அவரும் டைரக்டர்களில் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். ஆலைக்குள் வேலை செய்கிறவர்களின் உயிருக்கும் உடம்புக்கும் பதில் சொல்லவேண்டியவர் அவர்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் இன்றைக்கு இருப்பார், நாளைக்குப் பறப்பார். அதனால் இரண்டு இடத்திலும் ஒரு உள்ளூர்க்காரரின் பெயரையே போட்டுவிடுவது வழக்கம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று முடித்தார். டைரக்டர் பேனா மூடியை மாட்டிச் சட்டைப் பையில் வைத்தார்.

உள்ளூர்க்காரரை யாரும் தேடவில்லை. டைரக்டர் ஏற்கெனவே ஆளைப் பிடித்து வைத்திருந்தார். ஷெட் போடுகிற வேலையை மாமா எடுத்திருந்தார். மின்சார இணைப்புக்கு அலைந்தது, ஆழ்குழாய் போட்டது, காம்பவுண்டுக்குக் கல் இறக்கியது எல்லாம் மாமாதான். வார்த்தை ஒன்றும் புரியாமலே இரண்டு பேரும் அந்த மனையைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார்கள். நான் அவருடைய தங்கை மகள் என்பது டைரக்டருக்குத் தெரிந்தபோது, சட்டத்தை எடுத்துச் சொல்லிக் கேட்கிற வேலை என் தலையில் விழுந்தது.

"இன்னாம்மா பண்ணணும் நானு?" என்று மாமா எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்துகொண்டே கேட்டார்.

"வருஷத்துல பாதிக்கு மேல இந்த நாட்டுல இருக்கணும் மாமா. அதான் மொதல் தகுதி."

நடை நின்றது. "ஊர்லயே கெடக்கறதுக்கு ஒரு பதவியா?" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். மாமாவும் சிரித்தார். ஆனால் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். இத்தனை வருஷம் எதை வைத்துக் கேலி செய்தார்களோ, அதையே சட்டம் தகுதி என்கிறது.

இன்னொரு விஷயத்தையும் நான் பூசி மெழுகாமல் சொன்னேன். "ஃபேக்டரில எதனா ஆச்சுன்னா உன்னதான் கேப்பாங்க. கோர்ட்டுக்கு நீதான் போவணும். அவரு இல்ல." மாமா அலட்டிக்கொள்ளவில்லை. "அவரு இன்னா பாஷ தெரிஞ்சி போவாரு? நான்தான் போவணும்" என்றார். நான் விடாமல் வேறு வேறு விதமாகத் திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "புரிஞ்சிக்கினேன்மா. சும்மா பயமுறுத்திக்கினே இருக்காத" என்று பேனாவைப் பிடுங்கி, காட்டின இடத்திலெல்லாம் நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

கம்பெனியின் பெயரை வாசலில் உள்ளூர் மொழியிலும் எழுதி வைக்கவேண்டும் என்பது சட்டம். கொரியப் பெயரைத் தமிழில் எழுத மாமா பெயின்டர் பக்கத்திலேயே வெயிலில் நின்றார். உள்ளே நுழைந்ததும் கண்ணாடிச் சட்டம் போட்டு லைசென்ஸ் நகல் மாட்டியிருந்தார்கள். அதில் ஆக்குபையர் என்ற இடத்தில் மாமாவின் பெயர், அப்பா பெயரோடு. ஊரிலிருந்து யாராவது வேலை கேட்டு வந்தால் முதலில் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் கூட்டிப் போய் நிறுத்துவார். ஆக்குபையர் என்றால் ஓனரா என்று ஒருவர் கேட்டதற்கு, "ஓனரு மாதிரி" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமல் நடந்துவிட்டார்.

டைரக்டர் இன்னொரு விதமாக அமைதியில்லாதவர். ஒரே கேள்வியை என்னிடம் இரண்டு தடவை கேட்பார். இரண்டாவது தடவை வார்த்தையை மாற்றி, அதே பதில் வருகிறதா என்று பார்க்க. இரவு ஷிப்டில் பெண்களை வைக்கலாமா, வேலையை விட்டு நிறுத்த எத்தனை நாள் முன்னால் சொல்லவேண்டும், நான் வீடு மாறினால் யாரிடம் பதியவேண்டும், ஊருக்குப் போனால் யாரிடம் சொல்லவேண்டும்? என் ஊரில் சட்டம் தெரியாமலே சட்டப்படி வாழ்ந்துவிட்டேன், இங்கே தெரிந்துகொண்ட பிறகும் பயமாக இருக்கிறது என்று ஒருநாள் சொன்னார். மாலையில் ஷெட்டுக்குப் பின்னால் அவரும் மாமாவும் டீ கிளாஸோடு நடப்பார்கள். அவர் கொரியனில் ஏதோ சொல்வார், இவர் தமிழில் ஏதோ சொல்வார். இரண்டு பேருக்கும் மனசு லேசாகிவிடும் போலிருக்கிறது.

முதல் வருஷம் நல்லபடியாகப் போனது. மாமாவைத் தன் ஊரிலிருக்கிற தாய்க் கம்பெனிக்கு அழைத்துப் போய்க் காட்டவேண்டும் என்று டைரக்டர் ஆசைப்பட்டார். குளிர் விட்டதும் போகலாம், டிக்கெட் கம்பெனி செலவு என்றார். மாமா மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு போய் பாஸ்போர்ட்டுக்கு மனுக் கொடுத்தார். விசாரணைக்கு வந்த போலீஸ்காரருக்கு நாஷ்டா வாங்கிக் கொடுத்து, விமானத்தில் காது அடைக்குமா என்று அவரையே விசாரித்திருக்கிறார். தபாலில் பாஸ்போர்ட் வந்ததும் அதைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி பைக்கின் பக்கவாட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டார். டீக்கடை, உரக்கடை, ரேஷன் கடை, அவர் போன இடமெல்லாம் அதுவும் போனது.

அந்த வருஷம் ஆயுத பூஜை சமயத்தில்தான் டைரக்டர் ஊரிலும் அறுவடைத் திருநாள். அவர் குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தார். பூஜையை மாமா பொறுப்பில் விட்டுப் போனார். இந்தப் பக்கத்தில் ஆயுத பூஜையைக் குறைவாகச் செய்கிற தொழிற்சாலை எதுவும் கிடையாது. மெஷின்களைக் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் வாங்கி வைத்துவிட்டார்கள். சந்தனக் கிண்ணத்தை மாமாவே எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மெஷினாகப் பொட்டு வைத்துக்கொண்டு போனார். பெரிய பிரஸ்ஸுக்கு முன்னால் இரண்டு பக்கமும் மஞ்சள் நிறத்தில் இரண்டு தூண் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடிக்கொண்டிருக்கும். குறுக்கே கை போனால் மெஷின் அந்த நொடியே நின்றுவிடும். தொழிலாளிகள் அதை மெஷினுடைய கண் என்பார்கள். மாமா அந்தக் கண்ணின் கறுப்புக் கண்ணாடி மேலேயே, இரண்டு தூணிலும், தாராளமாகச் சந்தனம் குழைத்து வைத்து நடுவில் குங்குமமும் வைத்தார்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் மெஷினை ஓட்டிக் கற்பூரம் காட்டவேண்டும். மற்றதெல்லாம் ஓடியது, பெரிய பிரஸ் மட்டும் சிவப்பு விளக்கு எரித்துக்கொண்டு நின்றது. சந்தனம் ஒளியை மறைக்கிறது என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. பொட்டு வைத்ததால் ஒரு பொருள் கெடும் என்று எங்கள் ஊரில் யார் நினைப்பார்கள்? எலக்ட்ரீஷியன் பேனலைத் திறந்து பார்த்தார், கோளாறு பிடிபடவில்லை. "அந்தக் கண்ணுதான் சார் தகராறு பண்ணுது. அத்த வுட்டுட்டு ஓட்டட்டுமா?" என்று கேட்டார். மாமா மணியைப் பார்த்தார். "மொதல்ல ஓட்டுப்பா. நேரம் போய்க்கினே இருக்குது" என்றார். கண்ணை விட்டுவிட்டு ஓடும்படி ஒரு துண்டு ஒயரை மாட்டியதும் மெஷின் ஓடியது. கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். அடுத்த நாள் பெருக்க வந்தவர்கள் சந்தனத்தையும் துடைத்துவிட்டார்கள். ஒயர் மட்டும் உள்ளேயே இருந்தது. மெஷின் தகராறில்லாமல் ஓடியதால் அதை யாரும் நினைக்கவில்லை. டைரக்டர் திரும்பி வந்தபோது மாமா அவருக்கென்று எடுத்து வைத்திருந்த பொரியை அவர் கை நிறைய வாங்கிச் சாப்பிட்டார்.

மழை பிடித்துக்கொண்ட பிறகு ஒருநாள், பள்ளிப்பட்டிலிருந்து வந்து வேலை பார்த்த ஆபரேட்டர் ஒருவர், சிக்கிக்கொண்ட தகட்டை எடுக்கக் கையை உள்ளே விட்டார். கண் பார்த்தது. ஆனால் அது நிறுத்தச் சொன்னது, அந்த ஒயரால், மெஷினுக்குப் போய்ச் சேரவில்லை. வலது கையில் மூன்று விரல்கள் போயின. மாமா அவரைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, துண்டு சுற்றிய கையைத் தூக்கிப் பிடித்தபடி, தண்ணீர் தேங்கின ரோட்டில் ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்றைக்கு முழுவதும் அவர் உட்கார்ந்தே இருந்தாராம். என் அத்தை அதைத்தான் என்னிடம் முதலில் சொன்னாள், பயந்துபோய்.

தொழிற்சாலை ஆய்வாளர் வந்து பேனலைத் திறந்ததும் ஒயர் தெரிந்தது. ஆக்குபையர் யார் என்று கேட்டார். யாரும் கைகாட்டும் முன்னால் மாமா ஓரடி முன்னே வந்து நின்றார். திருவள்ளூர் கோர்ட்டில் வழக்குப் பதிவானது. ஆலையின் மேனேஜர் மேலும் வழக்கு உண்டு. அவர் அபராதம் கட்டிவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். டைரக்டரை உடனே புறப்பட்டு வரும்படி தலைமை அலுவலகத்திலிருந்து சொன்னார்கள். அவர் மாமாவைப் பார்க்காமலே விமானம் ஏறினார். கொரியாக்காரன் ஓடிட்டான், மாட்டிக்கினது நம்ம ஆளு என்று தொழிற்பேட்டை முழுக்கப் பேச்சு. "வருவாரும்மா" என்றார் மாமா. நான் நம்பவில்லை. அன்றைக்கு டைரக்டர் கேட்ட கேள்வி என் காதில் இரைந்துகொண்டே இருந்தது. யார் சிறைக்குப் போவது என்று முதல் நாளே தெரிந்துகொண்டு போனவர் எதற்குத் திரும்பி வருவார்?

பெரியபாளையம் வழியாகப் போகிற பஸ்ஸில் வாய்தாவுக்கு வாய்தா நானும் மாமாவும் போனோம். வழக்கு நடக்கும்போது வெளிநாடு போகவேண்டுமென்றால் கோர்ட்டில் அனுமதி கேட்கவேண்டியிருக்கும் என்று வக்கீல் சொன்ன அன்று, மாமா பைக் பெட்டியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "ஊட்ல இருந்தா எடுத்து எடுத்துப் பாத்துக்கினே இருப்பேன். பேஜாரு. உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். நான் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வக்கீல் ஒரு வழியும் சொன்னார். தான் எடுக்கவேண்டிய கவனமெல்லாம் எடுத்ததாகவும், தனக்குத் தெரியாமல் இன்னார்தான் தப்புச் செய்தார் என்றும் ஆக்குபையர் ஆளைக் காட்டி நிரூபித்துவிட்டால், அவர் தப்பலாம். தண்டனை அந்த ஆளுக்குப் போகும். சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஒயர் மாட்டியவர் எலக்ட்ரீஷியன். அவர் பெயரைக் கொடுத்தால் போதும். எனக்கு அது சரியென்றே பட்டது. இன்றைக்கும் சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த வாதத்தில் ஓட்டை இல்லை. மாமா வக்கீல் அறையில் இரண்டு நடை நடந்தார். "ஒயரு மாட்டினது அவன். மாட்டச் சொன்னது யாரு? பொட்டு வச்சது யாரு?" என்றார். அதை நாமாகச் சொன்னால்தானே தெரியும் என்றார் வக்கீல். "எனக்குத் தெரியுமேங்க" என்றார் மாமா. எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. விரல் போனவரே அவரிடம், "நீ இன்னா பண்ணுவ நைனா, நீயா கைய உள்ள வுடச் சொன்ன?" என்று சொல்லியிருந்தார். அதைச் சொல்லிக்காட்டினேன். அவன் அப்படிச் சொல்வதால்தான் தன்னால் தூங்க முடியவில்லை என்றார்.

மாமா ஒப்புக்கொள்ளப் போகிற நாளில், கோர்ட் வராந்தாவில் சக்கரம் வைத்த பெட்டியோடு ஒருவர் நிற்பதைத் தூரத்திலிருந்தே பார்த்தேன். டைரக்டர். விமான நிலையத்திலிருந்து நேரே வந்திருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை, சம்மனும் இல்லை. எந்தத் தேதி என்று மட்டும் என்னிடம் மெயிலில் கேட்டிருந்தார். கேட்டதற்குத் தேதியைப் பதிலாகப் போட்டுவிட்டு மறந்தும் விட்டேன். உள்ளே கடைசி வரிசையில் பெட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மாமாவைக் கூப்பிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டதற்கு, "ஒத்துக்கறேங்க. எங்க ஆளு கைங்க அது" என்றார். நீதிபதி ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். அபராதத்தோடு முடிந்தது.

வெளியே வந்ததும் டைரக்டர் மாமாவுக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். மாமாவுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் குனிந்தார். கோர்ட்டுக்கு வந்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு டைரக்டர் என்னிடம் வந்து, ஆக்குபையர் பெயரை மாற்ற என்ன செய்யவேண்டுமோ அதை உடனே செய்யச் சொன்னார். இனி என் பெயர் என்றார். "யார் என்று அன்றைக்குக் கேட்டேன். நீதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை" என்றார். அந்த நிமிஷம் வரை அவரைப் பற்றி நான் நினைத்திருந்ததெல்லாம் எனக்கே வெட்கமாக இருந்தது.

இதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். போர்டு தீர்மானம் போட்டு, ஆய்வாளர் அலுவலகத்துக்குத் தெரிவித்து, புது நகல் வந்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டினார்கள். அன்று மாலை மாமா உள்ளே நுழைந்து அதைப் பார்த்தார். "இன்னாம்மா, நான் சரியில்லன்னு எடுத்துட்டாரா?" என்று கேட்டார். உன்னைக் காப்பாற்றத்தான், இனிமேல் என்ன நடந்தாலும் உன் தலையில் விழாது என்று விளக்கினேன். "எல்லாத்தையும் தலைல வாங்கிக்கினு நின்னேன். இப்ப காப்பாத்தறாங்களாம். நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச காலம் அந்தக் கேட்டுக்குள் வரவே இல்லை. டைரக்டரே வீடு தேடிப் போய்த் தட்டை வாங்கிக்கொண்டு மாமாவோடு நடந்து நடந்து சாப்பிட்ட பிறகுதான் சமாதானம் ஆனது.

வழக்கு முடிந்துவிட்டது, இனிமேல் கொரியா போகலாம், டிக்கெட் தருவதாகச் சொல்கிறார்கள் என்று நான்தான் போய்ச் சொன்னேன். மாமா களத்துமேட்டில் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தார். விரல் போன ஆபரேட்டருக்கு அதே ஆலையின் ஸ்டோரில் வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். அவர் இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்த சமயம். "அவன் அங்க குந்திக்கினு இடது கைல எழுதிக்கினு இருக்கான். நான் பிளேன்ல ஏறிக்கினு ஊரு பாக்கப் போறதா? வேணாம்மா. அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை. சில வருஷத்தில் கம்பெனி வேறு கைக்கு மாறியது, டைரக்டர் ஓய்வு பெற்றுத் தன் ஊரோடு போய்விட்டார். வாசலில் மாமா நின்று எழுத வைத்த தமிழ்ப் பெயரின் மேல் புதுப் பெயர் ஏறிவிட்டது. மாமாவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. பைக் மட்டும் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

போன வாரம் ஐரோப்பாவிலிருந்து ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பது வசதி என்று இங்கே ஒரு ஆலை போடப் பார்க்கிறார். வருஷம் முழுக்கத் தங்கத்தான் போகிறாராம். இருந்தாலும் எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்தார். உள்ளூர் டைரக்டராக ஒருவரை நீங்களே ஏற்பாடு செய்து, ஆக்குபையராகவும் அவரையே காட்டிவிடலாமே, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாமே என்றார். என் சீனியர் சொன்ன அதே வார்த்தைகள். இங்கே தங்கி ஆலையை நடத்தப் போவது நீங்கள், அந்த இடத்தில் உங்கள் பெயர்தான் வரவேண்டும், வேறு பெயர் நான் எழுதமாட்டேன் என்றேன். ஏன் என்றார். எனக்கு விளக்கம் சொல்லப் பொறுமை இல்லை. இழுப்பறையைத் திறந்து மாமாவின் பாஸ்போர்ட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் புரட்டினார். பக்கம் பக்கமாக, கடைசி வரைக்கும்.

"புதியதா?" என்றார்.

இல்லை, இன்னும் சில மாதத்தில் காலாவதியாகிறது என்றேன். பிறகு சொன்னேன், சந்தனத்திலிருந்து ஆரம்பித்து. பொறுமையாகக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று தன்னுடைய கனத்த பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். வேறு ஆளிடம் போவாராக இருக்கும். கேட்டபடி எழுதிக் கொடுக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எங்கேயோ ஒரு ஊரில் பைக்கை நிறுத்திவிட்டு இன்னொருவர் நின்றபடியே கையெழுத்துப் போடுவார். நான் ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். மாமாவின் நடைதான் என்று அம்மா சொல்வாள்.

சாயங்காலம் மாமாவே போன் செய்தார். பின்னால் லாரி சத்தம், ரோட்டோரம் நிறுத்திப் பேசுகிறார்.

"பாஸ்போர்ட்டு தேதி முடியப் போவுதாமே. சிங்கப்பூரு தம்பி சொன்னான். புதுசு போட்டுடும்மா."

"எங்கனா போறியா மாமா?"

"போறனோ இல்லியோ. இருக்கணும் இல்ல?" நான் போனை வைக்கப் போனேன். "இன்னொண்ணு கேட்டுக்க. அறுபது பக்கம்னு ஒண்ணு தராங்களாம். அத்தப் போடு. இது பத்தாது."

சரி மாமா என்றேன். விளக்கைப் போட்டுவிட்டு, அந்த வெள்ளைப் பக்கங்களை ஒரு தடவை புரட்டிப் பார்த்தேன். விண்ணப்பத்தில் எத்தனை பக்கம் என்று கேட்கிற இடத்தில் அறுபது என்றே குறித்தேன்.